எரிபொருட் கணக்கும் உயிர்க் கணக்கும்

ஒரு நாட்டின் அரசினர் எவ்வெரிபொருளை எரிப்பதெனத் தீர்மானிக்கும்போது, அவர்தம் மேசைமேல் விரிக்கப்படும் கணக்கேட்டிற் சில பத்திகள் தவறாது இடம்பெறும். ஒரு தொன் எரிபொருளின் விலை, அதனாற் பெறப்படும் வெப்பம், இறக்குமதிக்குச் செலவாகும் அந்நியச் செலாவணி, சுரங்கத்திலும் ஆலையிலும் வேலைபெறுவோர் தொகை என்பன அவை. அவ்வெரிபொருளின் புகையைச் சுவாசிப்பவனுக்கு நேர்வது யாது என்னும் பத்தி மட்டும் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படும். மறதி ஒன்றே இதற்குக் காரணமன்று. விலையை இன்றே எண்ணிவிடலாம். நோயோ ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், வேறொரு பெயருடன் வந்து நிற்கும். இதனைப் பிரித்தானியாவின் அண்மைக்கால வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. கைத்தொழிலை நிலக்கரியின்மீது முதன்முதற் கட்டியெழுப்பிய நாடு அது. அக்கரியின் கேட்டைத் தன் தலைநகரிலேயே கண்டு அஞ்சிய நாடும் அதுவே.

இலண்டன் மாநகருக்குப் புகை புதிதன்று. நியூகாசில் துறையிலிருந்து கப்பல்வழி வந்தமையாற் 'கடற்கரி' எனப் பெயர்பெற்ற நிலக்கரியை நகரில் எரிக்கலாகாதென முதலாம் எட்வேட் மன்னன் 1306இல் ஆணை பிறப்பித்தான். விறகு அருகிக் குளிர் மிகுந்த நாட்டில் அவ்வாணை நெடுநாள் நிலைக்கவில்லை. 1661இல் ஜோன் எவ்லின் என்னும் அறிஞர், நகரத்துப் புகையைக் கண்டித்து 'பியூமிபியூஜியம்' என்னும் நூலை இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்குச் சமர்ப்பித்தார். புகை கக்கும் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும், நகரைச் சுற்றி நறுமணச் செடிகளை நடவேண்டும் என்பன அவர் கூறிய யோசனைகள். கேட்டைப் போக்குவது வேறு, அதனை இடம்பெயர்ப்பது வேறு. எவ்லினின் முதல் யோசனை இரண்டாவது வகையைச் சார்ந்ததென்பது ஈண்டு குறித்துக்கொள்ளத்தக்கது. பின்வந்த அரசினர் பலர் அதே வகையையே மீண்டும் மீண்டும் கையாண்டனர்.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபொழுது பிரித்தானியா வெற்றிபெற்ற நாடாயினும் கடன்பட்ட நாடாக நின்றது. உணவுக்கும் மூலப்பொருளுக்கும் டொலர் வேண்டும். டொலர் பெறுவதற்கு ஏற்றுமதி வேண்டும். நாட்டில் மிகுதியாகக் கிடைத்த செல்வம் நிலக்கரி. சுரங்கங்கள் 1947இல் தேசிய உடைமையாக்கப்பட்டன. தோண்டியெடுத்த கரியில் நல்லவை ஏற்றுமதிக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கப்பட்டன. இல்லங்களுக்கோ பங்கீட்டு முறையில் அளந்தே கொடுக்கப்பட்டது. போர் முடிந்து ஏழாண்டு கழிந்தும் அப்பங்கீடு நீங்கவில்லை. இந்நிலையிலே, தூளும் சிறுகட்டிகளும் கலந்த, 'நட்டி சிலாக்' எனப்பட்ட மட்டக்கரியை மட்டும் பங்கீட்டு அட்டையின்றி வாங்கலாமென அரசினர் அறிவித்தனர். விலை மலிவு, தட்டுப்பாடும் இல்லை. குளிரில் வருந்திய ஏழைக் குடும்பங்களுக்கு அஃதொரு சலுகையாகவே தோன்றியது. அவ்வறிவிப்பு நடைமுறைக்கு வந்த நாள் 1952 டிசெம்பர் 1. நான்கு நாட்களின்பின் நிகழ்ந்ததை அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

அந்நாட்டு வீடுகளில் தீ எரிந்த முறையைச் சிறிது விளக்குதல் நலம். நம் நாட்டு அடுக்களையில் தீ சமையலுக்காக எரிவது. சமையல் முடிந்ததும் அவிந்துவிடும். இலண்டன் வீட்டிலோ ஒவ்வோர் அறையின் சுவரிலும் திறந்த கணப்படுப்பு ஒன்று இருந்தது. குளிர் காக்க அது காலை முதல் இரவு வரை எரிந்தது. திறந்த அடுப்பிற் கரி முற்றாக எரிவதில்லை. எரியாத தாரும் புகைக்கரியும் புகைபோக்கிவழியே கூரைமட்டத்தில் வெளியேறும். இலட்சக்கணக்கான கூரைகள், ஒவ்வொன்றிலும் பல புகைபோக்கிகள்.

1952 டிசெம்பர் 5ஆம் நாள் வெள்ளிக்கிழமை, தென்னிங்கிலாந்தின்மேல் உயரமுக்க மண்டலம் ஒன்று அசையாது நிலைகொண்டது. காற்று நின்றுவிட்டது. வழக்கமாக நிலத்தருகே வளி வெப்பமுற்று மேலெழ, அதனுடன் புகையும் மேலே செல்லும். அன்று நிலம் குளிர்ந்து, நிலத்தையொட்டிய வளியும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதன்மேல் வெப்பவளிப் படையொன்று மூடிபோற் கவிந்தது. வெப்பநிலை நேர்மாறல் என்பது இதுவே. மூடிய பானையினுள் அடுப்பெரித்தாற்போல மாநகரின் புகை முழுவதும் சில நூறு அடி உயரத்துள் அடைபட்டது. குளிர் கூடக்கூட மக்கள் மேலும் கரியை இட்டனர். கரி கூடக்கூடப் புகை தடித்தது. மின்நிலையங்களும் அதனோடு சேர்ந்தன. நகரின் கடைசி மின்சார டிராம் வண்டி அவ்வாண்டு யூலை மாதத்திலேதான் ஓய்வுபெற்று, டீசல் பேருந்துகள் அதன் இடத்தைப் பிடித்திருந்தன.

ஐந்து நாட்கள் அம்மாநகரம் பகலிலும் இருளில் வாழ்ந்தது. பேருந்துகளுக்கு முன்னே நடத்துநர்கள் விளக்கேந்தி நடந்தனர். பின்னர் பேருந்துகளும் நின்றன. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்த இசைநாடகம், மண்டபத்தினுள்ளேயே புகை புகுந்து மேடை மறைந்தமையால் முதல் அங்கத்தோடு நிறுத்தப்பட்டது. கண்காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் சில மூச்சுத்திணறி மாண்டன. இதிலொரு விந்தையைப் பிற்காலத்தார் எடுத்துக்கூறுவர். பரிசுக்குரிய மாடுகளின் தொழுவம் அடிக்கடி கூட்டித் துப்புரவாக்கப்பட்டது. அவையே மிகுதியாக நோயுற்றன. சாணமும் சிறுநீரும் அகற்றப்படாத தொழுவத்தில் நின்றவை அவ்வளவாக வருந்தவில்லை. அங்கெழுந்த அமோனியா வாயு காற்றிலிருந்த அமிலத்தை நடுநிலையாக்கியிருக்கலாமென்பது அறிஞர் ஊகம்.

அமிலம் எங்கிருந்து வந்தது? நிலக்கரியிற் கந்தகம் உண்டு. மட்டக்கரியில் அது மிகுதி. எரியும்போது அது கந்தகவீரொட்சைட்டு வாயுவாகின்றது. மூடுபனியின் நீர்த்துளிகளிற் கரைந்து கந்தகவமிலமாகின்றது. அந்நாட்களில் இலண்டனில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 தொன் புகைத்துகளும், 370 தொன் கந்தகவீரொட்சைட்டிலிருந்து உண்டான 800 தொன் கந்தகவமிலமும் காற்றிற் கலந்தனவெனப் பின்னர்க் கணிக்கப்பட்டது. அதனைச் சுவாசித்த குழந்தைகளும் முதியோரும், ஏற்கெனவே மார்புநோயும் இருதயநோயும் உடையோரும் வீடுகளிலேயே ஓசையின்றி இறந்தனர். தெருவில் விழுந்து மடிந்தவர் இலர். பேரழிவென எவரும் கூக்குரலிடவில்லை. பிரேதப் பெட்டி செய்வோரிடம் பெட்டிகளும் பூக்கடைகளில் மலர்வளையங்களும் தீர்ந்துபோனபோதே நிகழ்ந்தது வெளிப்படலாயிற்று. பதிவாளரின் ஏடுகளைப் புரட்டியவர்கள், வழக்கமான எண்ணிக்கையிலும் ஏறக்குறைய 4,000 மரணங்கள் கூடியிருந்தமையைக் கண்டனர்.

அத்தொகையும் முழுமையன்று. புகை கலைந்தபின்னும் 1953 மார்ச்சு வரை மரணவீதம் தாழவில்லை. அந்த எஞ்சிய மரணங்களை அரசினர் சளிச்சுரத்தின் கணக்கில் எழுதினர். சளிச்சுரம் அத்துணை கொடியதாய்ப் பரவியிருக்கவில்லையெனக் காட்டி, மொத்த இழப்பு ஏறக்குறைய 12,000 என 2001இல் ஆய்வாளர் இருவர் திருத்திக் கணித்தனர். ஒரு கொள்கையின் கேட்டை வேறொரு நோயின் பெயரில் எழுதிவைத்தல் எளிது. அதனைத் திருத்தி எழுத ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அக்காலத்து வீடமைப்பு, உள்ளூராட்சி அமைச்சர் ஹரல்ட் மக்மில்லன். மந்திரிசபைக்கு அவர் 1953இல் எழுதிய குறிப்பொன்று பின்னர் வெளிப்பட்டது. மக்கள் எதற்கெடுத்தாலும் அரசை எதிர்பார்க்கிறார்கள், ஆகவே ஒரு குழுவை நியமிப்போம், பெரிதாக எதுவும் செய்ய இயலாவிடினும் சுறுசுறுப்பாயிருப்பதுபோற் காட்டிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. கரி ஏற்றுமதியும் வீட்டு வெப்பமும் ஒருங்கே கேள்விக்குள்ளாவதை எந்த அமைச்சர்தான் விரும்புவார்! எனினும், காலம் கடத்துவதற்கென எண்ணப்பட்ட அக்குழு உண்மையாகவே உழைத்தது. அதன் தலைவர் சேர் ஹியூ பீவர் என்னும் பொறியியலாளர். 1954இல் வெளிவந்த இறுதி அறிக்கையில் அவர் குழு, வெறுமையாயிருந்த பத்தியை நிரப்ப முயன்றது. வளி மாசுறுதலால் நாட்டுக்கு ஆண்டுதோறும் நேரும் நட்டம் 25 கோடி பவுண் என மதிப்பிட்டது. வீட்டடுப்புகளில் எரிவது நாட்டின் கரியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. புகையிலோ ஏறக்குறைய அரைவாசி அங்கிருந்தே வருகிறதெனவும் எடுத்துக்காட்டியது. ஆலைமுதலாளிமீது மட்டும் பழிபோட எண்ணியிருந்தோர்க்கு இஃது உவப்பான செய்தியன்று.

பாராளுமன்றம் 1956 யூலை 5ஆம் நாள் தூயவளிச் சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளூராட்சி மன்றங்கள் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை வகுக்கலாம். அப்பகுதிகளிற் புகையற்ற எரிபொருளையே எரிக்கவேண்டும். அடுப்பை மாற்றும் செலவிற் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் தாங்கும். சட்டங்களுட் சிறந்ததோர் சட்டம் என இதனைக் கூறத் தடையில்லை. 1962 டிசெம்பரில் இலண்டனை மீண்டும் புகைமூடுபனி சூழ்ந்தபோது சில நூறு பேர் இறந்தனராயினும், 1952இன் கொடுமை திரும்பவில்லை. காலப்போக்கில் நகரத்தின் குளிர்காலச் சூரியவொளியும் கூடியது.

ஆனாற் புகையற்ற எரிபொருள் என்பது யாது? நிலக்கரியிலுள்ள தாரையும் ஆவியையும் முன்னரே ஓரிடத்திற் சூடாக்கி அகற்றிவிட்டு எஞ்சியதை விற்பதே அதன் இரகசியம். இலண்டன் கூரைக்கு மேல் எழாத புகை வேறெங்கோ எழுந்தேயாகவேண்டும். தென் வேல்ஸ் நாட்டிலே சைனன் பள்ளத்தாக்கில் அபர்கும்பொய் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்த ஆலையில் நிலக்கரித் தூளைக் கரித்தாரின் பிசினோடு பிசைந்து, முட்டைவடிவக் கட்டிகளாக அழுத்தி, உலையில் வாட்டி 'பேர்னசைட்' என்னும் புகையற்ற கரியாக்கினர். 1942 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவ்வாலை இயங்கியது. கொடியிற் காயும் துணி கறுத்தது. மலைச்சரிவில் மரஞ்செடிகள் பட்டன. ஐரோப்பாவின் மிக அழுக்கான இடங்களுள் ஒன்றென்னும் பெயர் அவ்வூருக்கு வாய்த்தது. உலையின்மேல் நின்று வேலைசெய்தோர் மூச்சிழுத்ததெல்லாம் பிசினின் ஆவியும் தூசியுமே. ஆலை மூடப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலான பின்னர், 2012இல், அங்கு வேலைசெய்தோர் சிலரின் சுவாசநோய்க்கு அவ்வேலைத்தலமே பொறுப்பென இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலண்டனின் தூய வளிக்கு ஈடாகச் செலுத்தப்பட்டவை அவர்களின் சுவாசப்பைகள் என்று சொல்வது மிகையாகாது. சட்டம் பிழையென்பது இதன் பொருளன்று. 80 இலட்சம் மக்களுக்கு வந்த நன்மையைச் சில நூறு தொழிலாளரின் துன்பத்தோடு தராசிலிட்டால் தட்டு எப்பக்கம் சாயுமென்பது வெளிப்படை. எனினும் 1956இன் விவாதத்தில் அத்தராசு பிடிக்கப்பட்டிருக்குமாயின், வேலையாளருக்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கொடுப்பதற்கான சிறுசெலவையும் எரிபொருளின் விலையிற் சேர்த்திருக்கலாம். அச்செலவு பத்தியில் இல்லாமையே பிழை.

அதே பள்ளத்தாக்குகளின் மக்கள் கரியைத் தோண்டும் செலவையும் நெடுங்காலமாகத் தாங்கிவந்தனர். கற்றூசி சுவாசப்பையில் படிந்து இறுகும் நோய் அங்குக் குடும்பந்தோறும் அறியப்பட்டது. சைனனுக்கு அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள அபர்வான் என்னும் ஊரில், மலைமேற் குவித்திருந்த சுரங்கக் கழிவு 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் காலை சரிந்து பாடசாலையின்மேல் விழுந்தது. மாண்டவர் 144 பேர். அவருள் 116 பேர் பிள்ளைகள்.

கரிக்கு மாற்றாக அன்று ஆவலோடு நோக்கப்பட்டது அணுசக்தி. தூயவளிச் சட்டம் நிறைவேறிய அதே 1956இல், ஒக்டோபர் 17ஆம் நாள், கம்பர்லாந்துக் கரையிலே கல்டர் ஹோல் மின்நிலையத்தை இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். புகைபோக்கி இல்லாத மின்சாரம் என மக்கள் மகிழ்ந்தனர். ஓராண்டு முடியுமுன், 1957 ஒக்டோபர் 10ஆம் நாள், அதனை அடுத்திருந்த விண்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியது. அது மின்சார உலையன்று. அணுகுண்டுக்குரிய புளூத்தோனியத்தை ஆக்கக் காரீயத்தால் கட்டப்பட்ட உலை. எனினும் காற்று இவ்வேறுபாட்டை அறியாது. வெளியேறிய கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் 131 புல்லிற் படிந்தது. புல்லைத் தின்ற பசுவின் பாலிற் சேர்ந்தது. பாலைக் குடிக்கும் குழந்தையின் தைரொயிட்டுச் சுரப்பியிற் சேரக் காத்திருந்தது. அவ்வயடீனின் அரைவாழ்வுக்காலம் எட்டு நாட்களே. ஆகவே சுமார் 500 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிற் கறந்த பாலைச் சில வாரங்கள் விற்கவிடாது கொட்டிவிட்டனர். உலையின் உயர்ந்த புகைபோக்கியில் வடிகள் பொருத்தப்பட்டிராவிடிற் கேடு பன்மடங்காயிருக்கும். அவ்வடிகளை வற்புறுத்திப் பொருத்துவித்தவர் சேர் ஜோன் கொக்குரொவ்ட்டு. வீண்செலவென அவற்றை நகையாடி, கொக்குரொவ்ட்டின் மடமை என்று அதுவரை பெயரிட்டிருந்தனர்.

இத்தீயைப்பற்றிய முழு விசாரணை அறிக்கையை வெளியிடாது நிறுத்திய பிரதம மந்திரியும் ஹரல்ட் மக்மில்லனே. அமெரிக்காவுடனான அணு ஒத்துழைப்புக் கெடலாமென அவர் அஞ்சினார். அறிக்கை 1988இலேதான் வெளிவந்தது. அத்தீயினால் காலப்போக்கில் ஏறக்குறைய 240 பேருக்குப் புற்றுநோய் உண்டாகியிருக்கலாமெனப் பிற்கால ஆய்வு கணிக்கின்றது. இத்தொகையை 1952இன் 12,000உடன் ஒப்பிடுவோர் வியப்புறுவர். ஐரோப்பிய மின்நிலையங்களை ஆராய்ந்து 2007இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையொன்று, ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரியால் 24.5 பேரும் இயற்கை வாயுவால் 2.8 பேரும் வளி மாசுற்று இறப்பரெனவும், அணுசக்தியின் பங்கு ஒன்றிற் சிறு பின்னமே எனவும் கணக்கிட்டது. ஆயினும் பாலைக் கொட்டிய காட்சி மக்கள் நெஞ்சில் நின்றதுபோல, வீட்டுக்குள் ஓசையின்றி இறந்த முதியோரின் காட்சி நிற்கவில்லை. அஞ்சத்தக்கதும் கொல்லத்தக்கதும் ஒன்றாயிருப்பது அரிது.

தூயவளிச் சட்டம் கரும்புகையை நோக்கியதேயன்றிக் கண்ணுக்குத் தெரியாத கந்தகவீரொட்சைட்டை நேராக அடக்கவில்லை. அதனைக் கழுவி அகற்றும் முறை அறியப்படாததன்று. இலண்டனிலேயே பற்றர்சி மின்நிலையம் 1930களில் தன் புகைவாயுவைத் தேம்சு நதிநீராற் கழுவியது. கழுவிய நீர் நதியைக் கெடுத்தது. குளிர்ந்து ஈரமான புகை மேலெழாது அயலிலே தாழ்ந்தது. எனவே 1960களில் எழுந்த மாபெரும் மின்நிலையங்களுக்கு மலிவான வேறொரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது: புகைபோக்கியை உயர்த்துதல். ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் விடப்பட்ட வாயு அயலூரைத் தீண்டாது சென்றது. யோர்க்சயரில் டிராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீற்றர். அயலவர் நலமடைந்தது உண்மை. வாயுவோ வடகடலைக் கடந்து, சுவீடனிலும் நோர்வேயிலும் அமில மழையாக இறங்கியது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி சுவாந்தே ஓடன் இதனை 1967இல் பகிரங்கமாக எடுத்துரைத்தார். மழையின் அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஆறுகளிற் சேர்க்க, அது மீன்களின் பூக்களைப் பற்றி அவற்றைக் கொன்றது. தென் நோர்வே ஆறுகள் பலவற்றிற் சாமன் மீன் அற்றுப்போயிற்று. கந்தக வெளியேற்றத்தை நூற்றுக்கு முப்பது குறைக்க 1985இல் ஐரோப்பிய நாடுகள் பல உடன்பட்டபோது பிரித்தானியா கையெழுத்திடவில்லை. மின்கட்டணம் உயருமென்பது காரணம். உயர்ந்திருந்தாற் கொடுப்பவன் பிரித்தானியன், நலம்பெறுபவன் நோர்வேயன். 1986இல் அரசினர் மனம் மாறினர். டிராக்சிற் சுண்ணாம்புக்கல்லைக்கொண்டு வாயுவைக் கழுவும் பொறிகள் 1988 முதல் 1996 வரையிற் பொருத்தப்பட்டன.

எல்லா மாற்றமும் ஓரிடத்துத் துன்பத்தை வேறிடத்துக்குக் கொண்டுசென்றதேயென முடிவுகட்டுதலும் நேர்மையன்று. 1965இல் வடகடலிற் கண்டெடுத்த இயற்கை வாயு, 1967க்கும் 1977க்குமிடையில் வீடுதோறும் புகுத்தப்பட்டபோது, முன்னர் நிலக்கரியிலிருந்து ஆக்கிய நகரவாயுவிலிருந்த காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சும் வீடுகளைவிட்டு நீங்கியது. குழாய்க் கசிவால் உறக்கத்தில் இறத்தல் அருகியது. 1882இல் இலண்டன் ஹோபர்ன் பாலத்தருகே தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 2024 செத்தெம்பர் 30ஆம் நாள் இரற்கிளிவ் நிலையம் மூடப்பட்டதோடு அந்நாட்டில் முடிவுற்றது. டிராக்ஸ் அதற்கு முன்னரே கரியை விட்டு, கடல்கடந்து வரும் மரத்துகள் உருண்டைகளை எரிக்கத் தொடங்கியிருந்தது. அவ்வுருண்டைகளுட் சில அமெரிக்க மிசிசிப்பி மாநிலத்துக் குளொஸ்ரர் என்னும் சிற்றூரில் ஆக்கப்படுவன. அனுமதித்த அளவின்மேல் ஆவிப்பொருளை வெளிவிட்டதற்காக அவ்வாலைக்கு 2020இல் தண்டம் விதிக்கப்பட்டது. அபர்கும்பொய் அத்திலாந்திக்கைக் கடந்துவிட்டது போலும்.

இலண்டனுக்கும் புகை வேறு வடிவில் மீண்டது. உலகம் வெப்பமடைவதைத் தடுக்க விரும்பிய அரசினர், 2001 முதல் மோட்டார் வண்டிகளின் வரியைக் காபனீரொட்சைட்டின் அளவுக்கேற்ப விதித்தனர். டீசல் வண்டி ஒரே தூரத்துக்குக் குறைந்த காபனீரொட்சைட்டையே விடும். ஆகவே வரியும் குறைந்தது. 2011 அளவில் விற்கப்பட்ட புதிய கார்களில் அரைவாசி டீசல் வண்டிகளாயின. டீசல் மிகுதியாக விடும் நைதரசனீரொட்சைட்டும் நுண்துகளும் வரிக்கணக்கில் இடம்பெறவில்லை. வானத்தைக் காக்க வகுத்த வரி தெருவோரத்துச் சுவாசத்தை மறந்தது. தென்கிழக்கு இலண்டனில், வண்டிகள் இடையறாது செல்லும் பெருந்தெருவொன்றிலிருந்து சில பாகத் தூரத்தில் வாழ்ந்த சிறுமியொருத்தி, ஈளை நோயால் மூன்றாண்டுகளிற் பலமுறை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2013 பெப்ரவரியில் ஒன்பதாம் வயதில் இறந்தாள். 2014இல் நடந்த முதல் விசாரணை சுவாசம் நின்றதையே காரணமாகக் குறித்தது. தாயார் ஓயவில்லை. உயர் நீதிமன்றம் 2019இல் அம்முடிவை நீக்கியது. புதிய விசாரணை 2020 டிசெம்பரில் முடிவடைந்தது. 1952இல் மாண்ட பல்லாயிரவருள் எவருடைய மரணச் சான்றிதழிலும் எழுதப்படாத காரணம், அச்சிறுமியின் சான்றிதழில், அந்நாட்டிலேயே முதன்முறையாக, எழுதப்பட்டது: வளி மாசுறுதல்.